இரண்டு இருக்கை வண்டியின் முன்கண்ணாடி

எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. முதலில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பார்ப்பார். பிறகு வாயை அகலத் திறந்து, தொண்டையின் அடியிலிருந்து 'ஹா' என்று ஒரு மூச்சு விடுவார். படிந்த மூச்சு ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கத் தொடங்கும். அது முழுதும் மறைவதற்குள் சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிறத் துணி வெளியே வந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே போவார். கடைசியில் துணி முனையைச் சுட்டுவிரலில் சுற்றி ஓரங்களுக்கு ஒரு தடவு.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் இப்படிச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கடிகாரத்தையும், வங்கியில் காசாளருக்கு முன்னால் இருக்கும் தடுப்பையும், துக்கம் கேட்கப் போன வீட்டில் இறந்தவரின் படத்தையும் ஊதித் துடைத்தால்? கடைத்தெருவில் அவருக்கு 'ஹா சார்' என்று பெயர் விழுந்தது. அவர் மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கடை ரயில்பெட்டி போல நீளம். தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, அதை ஒட்டி ஒரு நாற்காலி, நேர் எதிரே பின்சுவரில் எழுத்து அட்டை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஹா சார் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"இது தெளிவா இருக்கா? இல்ல... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "அதெப்படிங்க ஒண்ணா இருக்கும்? கண்ணு உங்களுதா, என்னுதா? ஒண்ணச் சொல்லுங்க!"

அப்படிப்பட்டவர், இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியாமல் தவித்த கதை இது.

வண்டி அவருடையது அல்ல. மனைவியின் தம்பியுடையது. அடர்பச்சை நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டு, இருக்கை இரண்டு. மைத்துனன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வண்டியைத்தான் கட்டிக்கொண்டான் என்று அக்காவே சொல்வாள்.

அதை முதன்முதலாக அக்காவிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வந்த நாளில்தான் வினை வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது இரண்டு பூந்தொட்டிகள் நொறுங்கின. உறவுக்காரர்கள் நிறையப் பேர் சாப்பிட வந்திருந்தார்கள். ஹா சார் வாழ்நாளில் நகைச்சுவையாக ஒன்றும் சொன்னவர் கிடையாது. அன்றைக்கு என்ன ஆனதோ, எல்லார் முன்னாலும், "மாப்பிள்ளை, இந்த வண்டிய ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது, கண்ணும் வேணும். கடைப்பக்கம் வா, ஒரு ஜோடி போட்டுத் தரேன்" என்றார்.

வீடே சிரித்தது. தன் பேச்சுக்கு இத்தனை பேர் சிரிப்பார்கள் என்று தெரியாத ஹா சார், இன்னொரு தடவையும் அதையே சொன்னார். மைத்துனன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனவன், அப்புறம் வருஷக்கணக்கில் அந்தப் படி ஏறவில்லை. அக்கா போன் செய்தால் எடுப்பான். "மாமா நல்லா இருக்காரா" என்று மட்டும் கேட்கமாட்டான். அவள் ஒரு நாளும் கணவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தம்பியோடு பேசி முடித்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பாள். ஹா சாருக்கு அந்த முதுகைப் பார்க்க முடியாது.

போன வருஷம் திடீரென்று வந்தான். கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி வண்டிச் சாவியை அக்கா கையில் கொடுத்தான். "மாமாவ வாரம் ஒரு தடவ ஓட்டச் சொல்லுக்கா. சும்மா நிறுத்தினா வீணாப் போயிடும். எதையும் மாத்த வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்." வண்டியை உயிராக நினைக்கிறவன் அதைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகிறான் என்றால் பழசு முடிந்தது என்றுதானே அர்த்தம்? ஹா சார் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சாவியை ஊதித் துடைக்க முடியாது என்பதால் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கல் பட்டது, மைத்துனன் விடுமுறைக்கு வரப்போவதாகத் தகவல் வந்த பிறகு. ஊர் எல்லை வரை போய்த் திரும்புகிற வழக்கமான ஓட்டம். முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி. 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தால் சுண்டியது போல, அவ்வளவுதான். ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராக, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி. அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கால் நீட்டிக் கீழே இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து இறங்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். செய்யக்கூடாதது எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. 'ஹா' என்று ஊதினார். துடைத்தார். மறுநாள் காலையிலும் ஊதித் துடைத்தார். குழிக்குள் தூசி தெரிகிற மாதிரி இருந்தது. கடையிலிருந்து வில்லை கழுவும் திரவம் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தார். கால் இன்னும் கொஞ்சம் நீண்டது. பயந்துபோய், ஓரச்சட்டம் இல்லாத மூக்குக்கண்ணாடிகளுக்குக் காதுக்கம்பி ஒட்டுகிற பசையில் ஒரு சொட்டைக் குழியில் வைத்து, காய்ந்த பின் மெருகுத் துணியால் நயமாகத் தேய்த்தும் விட்டார். கண்ணாடிக்குக் கண்ணாடிப் பசை. இதில் என்ன தப்பு? தடவிப் பார்த்தால் குழியே தெரியவில்லை. கண்ணால் பார்த்தால் மட்டும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் வண்டிக் கண்ணாடிப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதை நடத்துவது அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கண்ணாடி மாற்றுகிறவர். தம்பி விரிசலுக்குள் பசை செலுத்தி அடைக்கிறவர். ஒரே கூரை, நடுவில் ஒரு மேசை.

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, ஓரத்து ரப்பரை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மாத்தலாம் சார். ஆனா இது ஒட்டி வச்ச கண்ணாடி, அறுத்துத்தான் எடுக்கணும். இந்த ரப்பர் இப்ப எங்கயும் வரதில்ல. அறுக்கும்போது கிழிஞ்சதுன்னு வைங்க, மழை வந்தா உங்க மடியிலதான் குளம். துளியூண்டு அடிதானே? தம்பிகிட்ட சொல்லி அடைச்சுக்கோங்க."

தம்பி பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவர் நிமிரவே நேரமாயிற்று. "அடைக்கலாம் சார். ஆனா ஓட்டுறவங்க கண்ணுக்கு நேரா இருக்கே. அடைச்சாலும் கண்ணுல பூ விழுந்த மாதிரி ஒரு மங்கல் நிக்கும். அண்ணன்கிட்ட சொல்லி மாத்திடுங்க. ஆமா, இதுக்குள்ள ஏற்கனவே என்னமோ போட்டிருக்கீங்களா?"

"நானா? இல்லையே."

"ஈரம் வேற ஏறியிருக்கு. தொடச்சீங்களா?"

"சும்மா... லேசா."

"அடி பட்டதும் மேல ஒரு டேப்ப ஒட்டிட்டு நேரா வந்திருக்கணும் சார். இப்ப நான் உள்ள விடறது போகுமா போகாதான்னு எனக்கே தெரியல."

"தெரியலன்னு சொல்லாதடா, வேலைக்குச் சோம்பல்னு சொல்லு" என்றார் அண்ணன், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இவரு போன மாசம் ஒரு ரப்பரைக் கிழிச்சு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு சார். அதான் எல்லாத்தையும் என் தலையில தள்றாரு."

"நான் கிழிச்சேனா? அது வரும்போதே கிழிஞ்சிருந்துச்சு!"

ஹா சார் அண்ணனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. அதுதான் சிக்கல். ஒருவராவது ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மற்றவர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். "யோசிச்சு சொல்றேங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அந்த மயிரிழை அவருக்கு முன்னாலேயே வந்தது.

அன்றிலிருந்து அவர் அவராக இல்லை. ஒருவருக்குச் செய்த மூக்குக்கண்ணாடியை வேறொருவருக்கு மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு, பளிச்சுன்னு இருக்குமே?" என்று கேட்டார். அந்த மனிதர் பாவம், தெருவில் நாலு எட்டு நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மனைவியிடம் கேட்டார். "மாத்திடுங்க" என்றாள். துணி மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, வேணாம். எதையும் மாத்தாதீங்கன்னுதானே சொல்லிட்டுப் போனான்? அடைச்சிடுங்க."

"அடைச்சா தெரியுமாம்."

"அப்ப மாத்துங்க."

"ரப்பர் கிழியுமாம்."

"என்னங்க, ஒரு கல்லு பட்டதுக்கு இந்தப் பாடா?" என்றவள், மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "எப்படியாவது செய்யுங்க. இந்தத் தடவையும் அவன் பாதியில எந்திரிச்சுப் போனான்னா, என்னால தாங்க முடியாது. அவ்வளவுதான் சொல்வேன்."

எதிர்க்கடைத் தையல்காரம்மா, கேட்காமலே ஒரு வழி சொன்னாள். "இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கிறீங்களே சார். கிழிஞ்ச எடத்துல நாங்க ஒரு பூ வச்சுத் தைக்கிறதில்ல? ஸ்டிக்கர் ஒண்ணு வாங்கி ஒட்டி விடுங்க!" கிண்டல்தான். ஆனாலும் ஹா சார் சாயங்காலம் ஸ்டிக்கர் கடை வரை போய்விட்டார். வட்டமா, நட்சத்திரமா என்று கடைக்காரன் கேட்டதும் அதிலும் குழம்பி, வெறுங்கையோடு திரும்பினார்.

யோசித்து முடிப்பதற்குள் மைத்துனன் வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கறுப்புக் கண்ணாடி, கையில் பெட்டி. வாசற்கதவின் தாழ்ப்பாளைக் கையால் துழாவித் திறந்தான். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கீங்க மாமா?" என்றான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக. ஹா சார் அவன் பெட்டியை வாங்கிக்கொண்டார். பதிலுக்குப் பதிலாக, "சாப்பிட்டியா?" என்றார்.

"அப்புறம் மாமா. மொதல்ல அவளப் பாக்கணும்."

வண்டியை அவன் பார்த்த விதம், தொட்டுத் தொட்டு. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே தடவிக்கொண்டு முன்னால் வந்தான். விரல்கள் முன்கண்ணாடியில் ஏறின. விரிசலை நோக்கி வந்தன. ஹா சார் மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டார். விரல்கள் அந்தப் பசை மேல் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டன.

"கண்ணாடிய என்ன பண்ணீங்க மாமா?"

"நா... நான் என்ன பண்ணேன்?"

"புத்தம்புதுசா வச்சிருக்கீங்களே. ஒரு கீறல் கெடையாது!"

குத்திக்காட்டுகிறானா? ஹா சார் அவன் முகத்தைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் இரண்டாகத் தெரிந்தது. குத்தல் என்றால் உதடு கோண வேண்டும், கோணவில்லை. பெருந்தன்மை என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவன் முகம் நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. அப்படியானால்? இதுவா, அதுவா? இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

"அக்கா, வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கணவரைத் தாண்டும்போது காதோரம் சொன்னாள்: "பாத்துட்டும் பெருசா எடுத்துக்கல. நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

இரண்டு இருக்கை வண்டி. ஹா சாருக்கு இடமில்லை. வண்டிக்கு முன்னால், கொஞ்சம் ஒதுங்கி நின்றார். மைத்துனன் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். காலை வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. உடனே கண்களை இடுக்கி, ஒரு கையை நெற்றிக்குக் கூரையாக வைத்தான். அவன் முகத்துக்கும் ஹா சார் முகத்துக்கும் நடுவில் சரியாக அந்த விரிசல்.

நாள் முழுக்கக் கண்களையே பார்த்துப் பிழைக்கிற மனிதர் அவர். மூக்குக்கு நேராக ஒரு பொருள் குறுக்கிட்டால், யார் கண்ணும் ஒரு கணமாவது அதில் போய் முட்டிவிட்டுத்தான் அப்பால் போகும். அவன் கண்கள் முட்டவே இல்லை. வெயில் பட்ட கண்பாப்பா கறுப்பாகவும் இல்லை; தண்ணீர் கலந்த பால் போல இருந்தது.

தாழ்ப்பாளைத் துழாவிய கை ஞாபகம் வந்தது. அப்புறம் அந்தப் பூந்தொட்டிகள். அன்றைக்குச் சொன்ன நகைச்சுவை. இப்போது வாயைத் திறந்தால் அதே வார்த்தைதான் வெளியே வரும். அதை விட்டால் வேறு வார்த்தை கிடையாது. உள்ளே மனைவி சின்னப் பெண் போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் உறுமியது.

ஹா சார் நகர்ந்து வந்து, வண்டியின் மூக்கில் கையை வைத்தார்.

"எறங்கு மாப்பிள்ளை."

"என்ன மாமா?"

"எறங்குன்னா எறங்கு."

மனைவி உள்ளேயிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். "முன்னால என்ன தெரியுது?"

"நீங்கதான் தெரியறீங்க. தள்ளி நில்லுங்க மாமா, வெளையாடாதீங்க."

"கண்ணாடியில விரிசல் இருக்குப்பா. உன் மூக்குக்கு நேரா. நான் ஓட்டும்போது கல்லு பட்டுது. ஊதித் தொடச்சு, பசைய வேற போட்டு, அதை இன்னும் பாழாக்கினதும் நான்தான். நீ வர்றதுக்குள்ள மாத்தறதா அடைக்கறதான்னு தெரியாம, ஒண்ணுமே செய்யாம நிக்கறேன். உனக்கு அது தெரியலயா?"



"எங்க?" என்றான் மைத்துனன்.

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் சிரிப்பு நின்றது. அவள் கையை நீட்டி, "இங்கடா" என்று காட்டினாள். அவன் குனிந்தான், இன்னும் குனிந்தான், கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குப் போனான். பிறகு கையை இறக்கி இன்ஜினை அணைத்தான்.

இறங்கி வந்தவன் சண்டைக்கு வரவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். "சொல்லுங்க மாமா. அன்னிக்குச் சொன்னதுதானே? இன்னொரு தடவ சொல்லிடுங்க."

"அன்னிக்குச் சொன்னது வாய்க்கொழுப்பு. இன்னிக்குச் சொல்றது தொழில்" என்றார் ஹா சார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "சாவியக் குடு. கடை வரைக்கும் நடந்து போலாம்."

அவன் குடுக்கவா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கொடுத்தான். மூவரும் நடந்தார்கள். நடுவில் அக்கா, தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

விடுமுறைக்கு மூடியிருந்த கடையைத் திறந்து, நாற்காலியில் அவனை உட்காரவைத்து, ஹா சார் வில்லைகளை ஒவ்வொன்றாக ஊதித் துடைத்துப் போட்டார்.

"இது தெளிவா இருக்கா? இல்ல... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் மாமா இருக்கு."

ஹா சாருக்குக் கோபம் வரவில்லை. இன்னொன்றைப் போட்டார். இன்னொன்று. பெட்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும், சின்ன விளக்கை எடுத்து இரண்டு கண்களிலும் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை மாதிரி இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணுல நிறைய. இதுக்கு என்கிட்ட கண்ணாடி கெடையாது. உள்ள இருக்கிறதே மங்கிப்போச்சு. டாக்டர் பாத்துட்டு அதை எடுத்துட்டுப் புதுசு வைப்பாரு."

"அடைக்க முடியாதா?" என்றான் அவன்.

முதலில் அக்காதான் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விடுமுறையை நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து, கண்மருந்தெல்லாம் விட்டுத் தீர்ந்த பிறகு ஒரு காலையில் அவன் போய் வண்டியில் உட்கார்ந்தான். அடுத்த நொடி தெருவே கேட்கும்படி அலறல். "ஐயையோ! என்ன மாமா இது? பட்டது கல்லா, கடப்பாரையா? இந்தப் பசைய எந்தப் புண்ணியவான் வச்சான்? ஓரமெல்லாம் கைரேகை! இவ்வளவு நாளும் இதுலயா ஓட்டினீங்க? உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" சமையலறை ஜன்னல் வரை கேட்கிற அந்தத் திட்டை, ஹா சார் கைகட்டி நின்று, ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

மாற்றுவதா அடைப்பதா என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. "மாத்துங்க" என்றான். பட்டறை அண்ணன் மாற்றினார். ரப்பர் ஒரு மூலையில் கிழிந்தது. இப்போதும் பலத்த மழையென்றால் அக்கா உட்காரும் பக்கத்தில் சொட்டும்; அவள் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு உட்காருவாள்.

இதெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, சில்லறை மாற்றக் கடைக்கு வந்த தையல்காரம்மாவின் கண்ணாடியை ஹா சார் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டுப் போனானே, அதற்கு முந்தின நாள் மத்தியானம், சார் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் மைத்துனன் இங்கே வந்தானாம். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளே தொங்கும் எழுத்து அட்டையை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துப் பார்த்தானாம். பிறகு கையை மாற்றி மறு கண்ணைப் பொத்தினானாம். ரொம்ப நேரம் அப்படியே நின்றுவிட்டு, கதவில் படிந்திருந்த தன் மூச்சைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனானாம்.